மாநிலம் தாண்டினால் ஜெயில்! அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை காரில் கொண்டு போவது எப்படி?

"அமெரிக்காவிலே யார் வேணும்னாலும் துப்பாக்கி வச்சுக்கலாம்பா" என்று நம் ஊர் டீக்கடையில் அடிக்கடி பேச்சு வரும். அது பாதி உண்மைதான். மீதி பாதி தெரியாமல் போய், ஜெயில் கம்பி எண்ணியவர்கள் பலர்.

அமெரிக்காவில் உள்ள 50 மாநிலங்களுக்கும் 50 விதமான துப்பாக்கி சட்டம். ஒரு மாநிலத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கு போகலாம். அதே துப்பாக்கியோடு ஆற்றுப்பாலத்தை தாண்டி பக்கத்து மாநிலத்துக்கு போனால், கையில் விலங்கு. இத்தனைக்கும் அந்த பாலத்தில் செக்போஸ்ட் கிடையாது. யாரும் நிறுத்தி கேட்பதும் இல்லை.

அப்படியானால் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கும், போட்டிக்கும் பக்கத்து மாநிலத்துக்கு போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? சட்டம் என்ன சொல்கிறது? அங்கே படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் நம்ம பிள்ளைகள் எதில் உஷாராக இருக்க வேண்டும்? அதுபற்றிய விவரம் வருமாறு:-

2 பிள்ளைகளின் தாய்க்கு நேர்ந்த கதி

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பென்சில்வேனியா மாநிலம் பிலடெல்பியா நகரை சேர்ந்த 27 வயது பெண் ஒருவர், காரில் பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்கு போனார். 2 பிள்ளைகளை தனி ஆளாக வளர்த்து வந்தவர். வழிப்பறிக்கு ஆளானதால், பாதுகாப்புக்காக கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார். பென்சில்வேனியாவில் முறைப்படி லைசென்சும் எடுத்திருந்தார்.

நியூஜெர்சியில் போக்குவரத்து விதி தொடர்பாக போலீசார் அவருடைய காரை நிறுத்தினார்கள். அந்த பெண் எதையும் மறைக்கவில்லை. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்சும் இருக்கிறது என்று அவராகவே போலீசிடம் சொன்னார்.

அவ்வளவுதான். அங்கேயே கைது செய்யப்பட்டார். பென்சில்வேனியா கொடுத்த லைசென்சு நியூஜெர்சியில் செல்லாது என்பது அவருக்கு தெரியவில்லை. 40 நாட்களுக்கு மேல் ஜெயிலில் இருந்தார்.

நியூஜெர்சி சட்டப்படி, அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தது நிரூபணம் ஆனால் குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டுகள் பரோல் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். தண்டனையை குறைக்க நீதிபதிக்கு பெரிதாக அதிகாரம் கிடையாது. முன்பு எந்த குற்றமும் செய்யாதவர் என்றாலும் இதே கதிதான்.

இந்த வழக்கு அமெரிக்கா முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தியது. "தெரியாமல் பாலம் தாண்டிய தாயை 3½ வருடம் ஜெயிலில் போடுவதா?" என்று எதிர்ப்பு கிளம்பியது. 2014-ம் ஆண்டு செப்டம்பரில் அரசு தரப்பு இறங்கி வந்தது. ஜெயில் தண்டனை இல்லாமல் கண்காணிப்பு திட்டத்தில் சேர அவருக்கு வாய்ப்பு கொடுத்தார்கள். அப்போதைய நியூஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி 2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

அந்த பெண் தப்பித்தார். ஆனால் எல்லோருக்கும் கவர்னர் மன்னிப்பு கிடைக்குமா என்ன?

கார் லைசென்சு செல்லும்... துப்பாக்கி லைசென்சு செல்லாது!

ஏன் இந்த குழப்பம்? அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் எடுத்த டிரைவிங் லைசென்சை வைத்துக்கொண்டு 50 மாநிலங்களிலும் கார் ஓட்டலாம். ஒரு மாநிலத்தில் செய்த கல்யாணம் எல்லா மாநிலத்திலும் செல்லும். துப்பாக்கி லைசென்சும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்சை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறது. சில மாநிலங்கள் "உன் லைசென்சை நான் ஏற்கிறேன், என் லைசென்சை நீ ஏற்றுக்கொள்" என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன. நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்துக்கே வருவதில்லை. வெளி மாநில லைசென்சு எதையும் அவை ஏற்பதில்லை.

இன்னொரு பக்கம், லைசென்சே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்களும் உண்டு. 2024-ம் ஆண்டு நிலவரப்படி 29 மாநிலங்களில் தகுதி உள்ள பெரியவர்கள் லைசென்சு இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச்செல்லலாம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு, இன்னொரு மாநிலத்தில் இதற்கு ஜெயில் என்று சொன்னால் நம்பவே மாட்டார்.

ஒரு மாநில லைசென்சு எல்லா மாநிலத்திலும் செல்ல வேண்டும் என்று ஒரு மசோதாவை 2017-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. ஆனால் செனட் சபையில் அது நிறைவேறவில்லை.

நம் ஊரிலும் துப்பாக்கி லைசென்சில் எந்த பகுதி வரை செல்லும் என்று எழுதித்தான் தருவார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க சொல்வார்கள். இங்கே லைசென்சு வாங்குவதே கஷ்டம் என்பதால் இந்த விஷயம் பலருக்கு தெரிவதில்லை. அங்கே துப்பாக்கி சாதாரணம் என்பதால், மாட்டுகிறவர்களும் சாதாரண மக்களாக இருக்கிறார்கள்.

பாலமாக வந்த 1986-ம் ஆண்டு சட்டம்

இந்த சிக்கலுக்கு ஓரளவு தீர்வாக மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. 1986-ம் ஆண்டு மே மாதம் அப்போதைய ஜனாதிபதி ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர்கள் பாதுகாப்பு சட்டம்தான் அது. பயணத்தின்போது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதில் ஒரு பாதுகாப்பு தரப்பட்டுள்ளது. வழியில் எந்த மாநிலம் குறுக்கே வந்தாலும், அந்த மாநில சட்டம் என்ன சொன்னாலும், கீழ்க்கண்ட விதிகளை பின்பற்றினால் கடந்து போகலாம்.

* புறப்படும் இடத்தில் அந்த துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் உங்களுக்கு சட்டப்படி உரிமை இருக்க வேண்டும்.

* போய்ச்சேரும் இடத்திலும் அதே உரிமை இருக்க வேண்டும்.

* துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது.

* துப்பாக்கியோ, தோட்டாவோ காரில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. டிக்கியில்தான் வைக்க வேண்டும்.

* தனி டிக்கி இல்லாத வண்டி என்றால், பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். முன்சீட்டுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டியும், 2 சீட்டுக்கு நடுவில் உள்ள பெட்டியும் இந்த கணக்கில் வராது. அதை பூட்டி வைத்தாலும் செல்லாது.

கேட்பதற்கு சுலபமாக இருக்கிறது அல்லவா? சிக்கல் 2-வது விதியில்தான் இருக்கிறது. இந்த சட்டம் கடந்து போகிறவருக்குத்தான் துணை. போய் இறங்குகிறவருக்கு இல்லை.

உதாரணமாக, பென்சில்வேனியாவில் இருந்து நியூஜெர்சி, நியூயார்க் வழியாக வெர்மான்ட் மாநிலத்தில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஒருவர் போகிறார். வெர்மான்டில் லைசென்சே தேவை இல்லை. புறப்படும் இடமும் சரி, சேரும் இடமும் சரி. நடுவில் உள்ள மாநிலங்களை அவர் இந்த சட்டத்தின் துணையோடு கடக்கலாம். அதே ஆள் நடுவழியில் நியூயார்க் நகரில் 2 நாள் தங்கி ஊரை சுற்றிப்பார்த்தால், "கடந்து போகிறேன்" என்று சொல்ல முடியாது.

பிலடெல்பியா பெண்ணுக்கு இந்த சட்டம் கைகொடுக்காததும் இதனால்தான். அவர் கடந்து போகவில்லை. நியூஜெர்சிக்கே போனார்.

சுடுதளத்துக்கு போகிறவருக்கு நியூஜெர்சி என்ன சொல்கிறது?

துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தை அங்கே 'ரேஞ்ச்' என்பார்கள். நியூஜெர்சி கடுமையான மாநிலம் என்றாலும் ரேஞ்சுக்கு போகிறவர்களுக்கு சட்டத்திலேயே விலக்கு வைத்திருக்கிறது. பயிற்சிக்கோ, போட்டிக்கோ நேராக போகலாம், நேராக திரும்பலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. மூடி இறுக்கிய பெட்டியிலோ, இறுக்கி கட்டிய பொட்டலத்திலோ, பூட்டிய டிக்கியிலோ அது இருக்க வேண்டும். வழியில் அத்தியாவசியமான காரணம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பக்கூடாது.

'அத்தியாவசியம் என்றால் என்ன? வழியில் டீ குடிக்கலாமா, கூடாதா?' என்று பல ஆண்டுகளாக குழப்பம் இருந்தது. பிறகு மாநில அரசு தரப்பில் விளக்கம் கொடுத்தார்கள். பெட்ரோல் போடுவது, சாப்பாடு வாங்குவது, மருந்து வாங்குவது, கழிவறைக்கு போவது, நண்பரை ஏற்றி இறக்குவது, டிராபிக் ஜாமை சுற்றிக்கொண்டு போவது இதெல்லாம் சரி என்றார்கள். சினிமாவுக்கு போவது, மாமியார் வீட்டில் விருந்து சாப்பிடுவது எல்லாம் அந்த பட்டியலில் இல்லை.

தோட்டாவிலும் ஒரு பொறி இருக்கிறது. முனையில் குழி உள்ள 'ஹாலோ பாயிண்ட்' தோட்டா பல மாநிலங்களில் கடையில் சர்வசாதாரணமாக கிடைக்கும். நியூஜெர்சியில் அதை வைத்திருப்பதே குற்றம். வீட்டில் வைப்பது, ரேஞ்சுக்கு கொண்டு போவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சு முடிந்து வேறு வேலைக்கு கிளம்பி, பையில் அந்த தோட்டா 4 கிடந்தால்கூட தனி கேஸ்.

மேகசின் விஷயமும் அப்படித்தான். நியூஜெர்சியில் 2018-ம் ஆண்டு வந்த சட்டம், ஒரு மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆற்றுக்கு அந்த பக்கம் பென்சில்வேனியாவில் அப்படி வரம்பே இல்லை. துப்பாக்கி வாங்கும்போது பெட்டியோடு வந்த மேகசினே ஆளை மாட்டி விடலாம்.

நியூயார்க்கில் இன்னொரு வினோதம். துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதில் போடக்கூடிய தோட்டா அதே ஆளிடம் இருந்தால் 'தோட்டா போட்ட துப்பாக்கி' என்றுதான் அந்த மாநில சட்டம் கணக்கிடும். 'துப்பாக்கி காலியாத்தானே இருக்கு சார்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நகரத்தை விட்டே வெளியே போகாதே! சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு

நியூயார்க் நகரில் நடந்த கூத்து இதைவிட பெரியது. வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு வாங்கியவர்கள், பயிற்சிக்கு நகர எல்லைக்குள் இருக்கும் ரேஞ்சுகளுக்கு மட்டும்தான் துப்பாக்கியை கொண்டு போகலாம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அப்படி நகருக்குள் இருந்தது வெறும் 7 ரேஞ்சுதான். 80 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் அது.

தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில் வைத்தாலும் நகர எல்லையை தாண்டக்கூடாது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் நியூஜெர்சியில் போட்டி நடந்தால் சொந்த துப்பாக்கியை கொண்டு போக முடியாது. ஊருக்கு வெளியே சொந்தமாக இன்னொரு வீடு இருந்தாலும் அங்கே கொண்டு போக முடியாது.

துப்பாக்கி வைத்திருந்த சிலரும், அவர்களுடைய சங்கமும் சேர்ந்து 2013-ம் ஆண்டு வழக்கு போட்டார்கள். கீழ்க்கோர்ட்டிலும் தோல்வி. அப்பீலிலும் தோல்வி. கடைசியில் 2019-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் நகர நிர்வாகத்துக்கு பயம் வந்தது. தோற்றுவிட்டால் நாடு முழுவதும் துப்பாக்கி கட்டுப்பாடுகள் ஆட்டம் கண்டுவிடும் என்பதால், அதே ஆண்டு ஜூலை மாதம் விதியையே மாற்றிவிட்டார்கள். வெளியூர் ரேஞ்சுக்கும், வெளியூர் வீட்டுக்கும் கொண்டு போகலாம் என்று தளர்த்தினார்கள். மாநில அரசும் சட்டத்தை மாற்றியது. 'கேட்டது கிடைத்துவிட்டது, இனி வழக்கு எதற்கு?' என்று 2020-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்து வைத்தது.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அதே சங்கம் போட்ட இன்னொரு வழக்கில், 2022-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதிரடி தீர்ப்பு அளித்தது. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச்செல்ல 'தனிப்பட்ட காரணம்' காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் 100 ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய விதி செல்லாது என்று 6 நீதிபதிகள் ஒருபுறமும், 3 பேர் எதிர்ப்புறமும் நின்று தீர்ப்பு சொன்னார்கள்.

உடனே நியூயார்க் மாநிலம் புது சட்டம் போட்டது. டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரெயில், பள்ளிக்கூடம், பூங்கா என்று பல இடங்களில் துப்பாக்கிக்கு தடை விதித்தது. அந்த சட்டத்தை எதிர்த்தும் வழக்குகள் பாய்ந்தன. ஆகவே போன வருடம் படித்த விதி இந்த வருடம் இருக்கும் என்று நம்ப முடியாது. புறப்படும் முன்பு ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

விமானம் தவறியதால் ஜெயிலுக்கு போனவர்

காரில்தான் இப்படி என்றால் விமானத்தில் இன்னொரு கதை.

2005-ம் ஆண்டு, யூட்டா மாநிலத்தை சேர்ந்த ஒருவர் விமானத்தில் பென்சில்வேனியாவுக்கு கிளம்பினார். நடுவில் நியூஜெர்சியில் உள்ள நெவார்க் விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும். துப்பாக்கியை முறைப்படி சொல்லி, பூட்டிய பெட்டியில் வைத்து, சாமானோடு ஒப்படைத்திருந்தார். எல்லாம் சட்டப்படி சரியாகத்தான் செய்தார்.

முதல் விமானம் தாமதம். அடுத்த விமானத்தை விட்டுவிட்டார். அவருடைய பெட்டி திரும்ப அவர் கைக்கே வந்தது. வேறு வழி இல்லாமல் அந்த பெட்டியோடு ஓட்டலில் ஒரு இரவு தங்கினார். மறுநாள் காலையில் விமான நிலையத்துக்கு போய், 'என் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது' என்று மறுபடியும் முறைப்படி சொன்னார். போலீசார் வந்தார்கள். கைது செய்து ஜெயிலில் அடைத்தார்கள்.

பிறகு அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 'என்னை அநியாயமாக கைது செய்தார்கள்' என்று அவர் போட்ட வழக்கில் 2010-ம் ஆண்டு அப்பீல் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஓட்டல் அறையில் பெட்டி அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, எனவே 1986-ம் ஆண்டு சட்டம் பாதுகாப்பு தராது என்று கோர்ட்டு கைவிரித்தது. பெட்டியை வாங்கும் முன்பே விமான நிலைய போலீசாரிடமோ, ஊழியர்களிடமோ நிலைமையை சொல்லி உதவி கேட்டிருக்கலாம் என்றும் கோர்ட்டு கருத்து தெரிவித்தது.

இதில் இருந்து அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். நடுவழியில் விமானம் ரத்தானால் துப்பாக்கி உள்ள பெட்டியை கையில் வாங்கவே கூடாது.

விமான பயணத்துக்கான மத்திய அரசு விதி இதுதான்:- தோட்டா இல்லாத துப்பாக்கி, கெட்டியான பூட்டிய பெட்டியில், ஒப்படைக்கும் சாமானோடு மட்டுமே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் விமான நிறுவன கவுண்ட்டரில் சொல்ல வேண்டும். தோட்டாவை அதற்கென உள்ள டப்பாவில் அடுக்க வேண்டும். கைப்பையில் துப்பாக்கிக்கு இடமே இல்லை.

இவ்வளவு தெளிவாக சொல்லியும் மறதிக்காரர்கள் குறையவில்லை. 2023-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலைய சோதனையில் பயணிகளின் கைப்பைகளில் 6 ஆயிரத்து 737 துப்பாக்கிகள் சிக்கின. அதில் 100-க்கு 93 துப்பாக்கியில் தோட்டா போட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 'பையில் இருந்ததே மறந்துபோச்சு' என்பதுதான் பலர் சொன்ன காரணம். ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

ரெயிலில் 2010-ம் ஆண்டு டிசம்பர் முதல் சில ரெயில்களில் மட்டும், முன்கூட்டியே தகவல் சொல்லி, சாமான் பெட்டியில் அனுப்ப அனுமதி உண்டு. கிரேஹவுண்ட் பஸ்சில் எங்கேயும் அனுமதி இல்லை.

ஒரு திருப்பம் தவறினால்...

மாநிலம் தாண்டினாலே இப்படி என்றால், நாடு தாண்டினால்? 2014-ம் ஆண்டு மார்ச் மாதம், முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் கலிபோர்னியாவில் இருந்து வழி தவறி மெக்சிகோ எல்லைக்குள் போய்விட்டதாக சொன்னார். அவர் வண்டியில் 3 துப்பாக்கிகள் இருந்தன. மெக்சிகோ போலீசார் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அமெரிக்க தலைவர்கள் பலர் குரல் கொடுத்தும் 7 மாதம் கழித்து அக்டோபர் 31-ந்தேதிதான் வெளியே வந்தார். எல்லை ஓரத்து ஊர்களில் துப்பாக்கியோடு கார் ஓட்டுகிறவர்கள் இந்த கதையை இன்றும் சொல்வார்கள்.

நம்ம பிள்ளைகள் கவனத்துக்கு!

இனிமேல்தான் நம் ஊர் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வருகிறது.

அமெரிக்காவுக்கு படிக்கவும், கம்ப்யூட்டர் வேலைக்கும் போன நம்ம பையன்கள் விடுமுறை நாளில் நண்பர்களோடு ரேஞ்சுக்கு போவது உண்டு. அங்கே துப்பாக்கியை வாடகைக்கு கொடுப்பார்கள். கண்ணாடி மாட்டி, காதை மூடி, நாலு ரவுண்டு சுட்டுவிட்டு, போட்டோவும் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா?

பெரிய தப்பு இருக்கிறது. மாணவர் விசா, எச்-1பி வேலை விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ, தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்று 1998-ம் ஆண்டு முதல் மத்திய சட்டம் இருக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கி கையில் பிடித்தாலும் அது 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும்.

இதற்கு சில விலக்குகள் உண்டு. முக்கியமானது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்சு கையில் இருப்பது. விவரம் தெரிந்தவர்கள் வேட்டைக்கு போகாவிட்டாலும் அந்த லைசென்சை எடுத்து வைத்துக்கொண்டுதான் ரேஞ்சுக்கு போகிறார்கள்.

விசா காலாவதி ஆனவருக்கு அந்த வேட்டை லைசென்சும் காப்பாற்றாது. புளோரிடா மாநிலத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தை சேர்ந்த ஒரு மாணவருக்கு இதுதான் நடந்தது. சரியாக படிக்கவில்லை என்று கல்லூரி அவரை நீக்கியது. கல்லூரி போனால் மாணவர் விசா அந்தஸ்தும் போய்விடும். ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர், ஒரு நாள் ரேஞ்சுக்கு போய் சுட்டார். மத்திய போலீசார் பிடித்தார்கள். 18 மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த வழக்கும் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 'நாட்டில் தங்கும் உரிமை தனக்கு இல்லை என்பது அவருக்கு தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும்' என்று 2019-ம் ஆண்டு ஜூன் மாதம் கோர்ட்டு சொல்லி, பழைய தீர்ப்பை ரத்து செய்தது. கவனியுங்கள். தன் விசா நிலைமை தெரியாமல் இருந்தால்தான் இந்த தீர்ப்பு உதவும். 'சட்டம் இருப்பது தெரியாது' என்று சொன்னால் உதவாது.

இந்த குற்றத்துக்கு முன்பு அதிகபட்ச தண்டனை 10 ஆண்டு. 2022-ம் ஆண்டு வந்த சட்டத்தால் அது 15 ஆண்டாக உயர்ந்தது.

கிரீன் கார்டு வாங்கியவருக்கு இந்த தடை இல்லை. அவர் துப்பாக்கி வாங்கலாம், ரேஞ்சுக்கும் போகலாம். ஆனால் அவரும் குடிமகன் அல்ல. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அவரையும் நாடு கடத்த சட்டத்தில் இடம் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் நியூஜெர்சியில் தவறினால் ஜெயிலோடு போகும். நம்மவர் தவறினால் ஜெயில், வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்ந்து போகும்.

புறப்படும் முன்பு செய்ய வேண்டியவை

அங்கே துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர்கள், மாநிலம் தாண்டி ரேஞ்சுக்கு போகும்போது கடைப்பிடிக்கும் வழிமுறைகள் இவை:-

1. புறப்படும் மாநிலம், கடக்கும் மாநிலம், சேரும் மாநிலம் மூன்றின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சேரும் மாநிலத்தில் வெளியூர்க்காரருக்கு அனுமதி உண்டா என்பது முதல் கேள்வி.

2. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை 2 தடவை பார்க்க வேண்டும். மேகசினை கழற்றினாலும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கும். விபத்தும் அதனால்தான், வழக்கும் அதனால்தான்.

3. துப்பாக்கிக்கு ஒரு பூட்டு பெட்டி. தோட்டாவுக்கு இன்னொரு பெட்டி. இரண்டும் டிக்கியில். பின்கதவு திறக்கும் வேன் போன்ற வண்டி என்றால் பூட்டு ரொம்ப முக்கியம்.

4. ஹாலோ பாயிண்ட் தோட்டா, பெரிய மேகசின் இரண்டும் சேரும் மாநிலத்தில் செல்லுமா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

5. போகிற வழி நேராக இருக்க வேண்டும். கடுமையான மாநிலத்தில் இரவு தங்குவதை தவிர்க்க வேண்டும்.

6. பள்ளிக்கூடத்தில் இருந்து 1,000 அடி தூரத்துக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மத்திய சட்டத்தில் தடை உண்டு. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் விலக்கு. பெட்டியை பூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. போட்டியின் அழைப்பு, ரேஞ்சில் பதிவு செய்த ரசீது, துப்பாக்கி வாங்கிய பில் ஆகியவற்றை காரில் வைத்திருக்க வேண்டும். 'எங்கே போகிறாய்?' என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

8. போலீசார் நிறுத்தினால் கை இரண்டும் ஸ்டியரிங் மேலே. எதையும் தேடி எடுக்கக்கூடாது. துப்பாக்கி இருப்பதை உடனே சொல்ல வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. எந்த மாநிலத்தில் என்ன விதி என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சுலப வழியும் இருக்கிறது. உரிமை உள்ளவர்கள் சொந்த துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, போகும் ஊர் ரேஞ்சில் வாடகைக்கு கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளலாம். போட்டிக்கு போகிறவருக்குத்தான் கைக்கு பழகிய சொந்த துப்பாக்கி வேண்டும். பொழுதுபோக்குக்கு போகிறவருக்கு அது தேவை இல்லை.

உங்கள் மகனோ, தம்பியோ, மருமகனோ அங்கே இருந்தால், அடுத்த தடவை போனில் பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். 'ரேஞ்சுக்கு போனியாப்பா? எந்த விசாவில் இருக்கே? லைசென்சு பார்த்தியா?' என்று. பிலடெல்பியா பெண்ணுக்கு இதை முன்கூட்டியே சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால், 40 நாள் பிள்ளைகளை பிரிந்து ஜெயிலில் கிடந்திருக்க மாட்டார்.